எடை நாற்காலி

எங்கள் ஊர் உருவானதே ஒரு காய்ச்சல்கார வெள்ளைக்கார அதிகாரியால்தான். சமவெளியில் எலும்பும் தோலுமாகி, பல்லக்கில் தூக்கி வரப்பட்டவர், மூன்று மாதக் குளிர்காற்றில் தேறி, குதிரையேறி மலையிறங்கிப் போனாராம். சேதி பரவியதும் ஒரு கூட்டமே மூட்டைமுடிச்சோடு மலையேறிவிட்டது. ஏரி வெட்டினார்கள், பங்களா கட்டினார்கள், ரோஜாத் தோட்டம் போட்டார்கள்.

அவர்கள் கட்டிய ஓட்டலில்தான் நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கூடத்தில் தராசு பொருத்திய பித்தளை நாற்காலி ஒன்று உண்டு. வரும்போதும் போகும்போதும் விருந்தாளியை அதில் உட்கார வைத்து எடையை நோட்டில் எழுதுவோம். அந்தக் காலத்தில் எடை ஏறினால் கைதட்டுவார்களாம். இப்போது புதுப்பெண்கள் இரண்டு கிலோ கூடினால் என்னை முறைக்கிறார்கள். நான் என்ன செய்ய, எங்கள் காற்று அப்படி.

லாரி ஓட்டும் என் அண்ணன் டைபாய்டில் படுத்து எழுந்தபோது, எட்டு கிலோவாவது ஏறாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விடாப்பிடியாக அவனை என் குவார்ட்டர்ஸுக்கு வரவழைத்தேன். வந்த அன்று, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். ஆள் பாதியாகத் தெரிந்தாலும் முள் ஐம்பத்திரண்டில் நின்றது. பரவாயில்லையே என்று மூச்சு விட்டேன்.

இரண்டு மாதம் பாலும் முட்டையுமாகத் திணித்தேன். அவனும் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து வஞ்சனையில்லாமல் சாப்பிட்டான். கன்னம் உப்பிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் நாளில் அதே கோட்டோடு உட்கார வைத்தால், ஐம்பத்துநான்கு.

இரண்டே கிலோ. உள்ளே இன்னும் ஏதோ நோய் இருக்கிறதென்று பயந்து, பஸ் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு இடுப்புல லாரிச் சங்கிலியைச் சுத்திட்டு வந்தேம்மா."

போவதற்காகப் புளுகுகிறான் என்று திட்டினேன். பெட்டியின் அடியிலிருந்து துருப்பிடித்த சங்கிலியை எடுத்து நாற்காலியில் போட்டான். சரியாக ஏழு கிலோ. அப்படியானால் அவன் வந்தது நாற்பத்தைந்தில்.

"ஏண்ணே இப்படிப் பண்ணின?"

"நாப்பத்தஞ்சுன்னு பாத்திருந்தா நீ அங்கேயே உக்காந்து அழுதிருப்ப. நீ அழுதா எனக்குச் சோறு எறங்காது."

அன்று அழ வேண்டியதை அப்போது அழுதேன், சிரித்துக்கொண்டேதான். ஒன்பது கிலோ ஏறியிருக்கிறான். நோட்டில் ஐம்பத்திரண்டை அடித்துத் திருத்தினேன். டிக்கெட்டை நானே அவன் சட்டைப்பையில் செருகினேன். சங்கிலியை மட்டும் திருப்பித் தரவில்லை.