உச்சி வெயிலில் ஒரு குளிர்க் காட்சி

பனி கொட்டும் தெருவில் ஒருவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். இந்தக் காட்சியை மண்டையைப் பிளக்கும் வெயிலில் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால், கதைக்குக் குளிர் வேண்டும், கதாநாயகருக்கு இந்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். அவரோ வேனுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வெயிலில் நின்றவன் என் தம்பி.

நான் அந்தப் படத்துக்கு மேக்கப் போடுகிறவள். தம்பி இத்தனை காலமும் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன். அவனுக்கு முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்திருந்தது. "கடைசி பஸ் போயிடுச்சா?" அவ்வளவுதான். அதை வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை வாங்கிவிட்டான். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் வந்தது. கூடப்பிறந்தவள் சொல்கிறேன், அவனுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது.

அவனை யூனிட்டில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கிடைத்த கம்பளிக் கோட்டோ அவனைப் போல இரண்டு பேர் நுழையக்கூடியது. தொளதொளவென்று தொங்கக் கூடாதென்று காஸ்ட்யூமர் முன்பக்கத்தை இழுத்து மடித்து, கழுத்திலிருந்து முழங்கால் வரை ஊசி நூலால் தைத்தே விட்டார். பிரித்தால் திரும்பத் தைக்க நேரமாகும் என்பதால் இடையில் கழற்றவே கூடாது. கழற்றாமல் பாத்ரூம் போக முடியாது. அதனால் என் புத்திசாலித் தம்பி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இது போதாதென்று பனி. தெரு முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். அதில் கால் தடம் விழுந்தால் மறுபடி பரப்ப வேண்டும். ஆகவே யாரும் அவன் பக்கத்தில் போகக் கூடாது, அவனும் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. முகத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்று இரண்டு வெள்ளை தெர்மோகோல் பலகைகளை வைத்து, வெயிலை வேறு அவன் மேலேயே திருப்பி அடித்தார்கள். ஆனால் கேமரா மட்டும் சூடாகிவிடக் கூடாது. அதற்கு ஒரு பெரிய குடை, மேலே ஈரத் துண்டு, பக்கத்தில் ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு குடை கேட்டேன். உப்பு கலைந்துவிடும் என்றார் டைரக்டர். வெயில் இறங்கிய பிறகு எடுக்கலாமே என்றேன். இந்த ஒரே ஒரு ஷாட்தாம்மா என்றார். இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பனியில் நிற்கிறவனுக்கு எப்படி வியர்க்கும் என்று நடுநடுவே என்னிடம் எரிந்து விழுவார். நான் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நகர்ந்து போய் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு வருவேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி வியர்வை ஆறாக ஓடும்.

நீயாவது முடியலைன்னு சொல்லித் தொலையேன் என்று தம்பியிடமே கெஞ்சினேன்.

"அக்கா, உன் கால்ல விழறேன், வாய மூடிக்கிட்டு இரு. இத விட்டா எனக்கு வேற கிடைக்காது."

மதியம் தாண்டியதும் அவனுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. மேக்கப்பம்மா இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று டைரக்டர் மைக்கிலேயே பாராட்டினார். நான் துடைக்கவே போகவில்லையே என்று யோசிப்பதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

தம்பி நடுங்கினான். தோளிலிருந்து விரல் நுனி வரை அப்படி ஒரு நடுக்கம். பல் கிட்டியது. கதாநாயகருக்குப் பதிலாக நட்டு வைத்திருந்த கம்பைப் பார்த்து, நாக்குக் குழற, அந்த வசனத்தைச் சொன்னான். கட் சொன்னதும் மொத்த யூனிட்டும் கைதட்டியது. குளிர் அப்படியே தெரியுது, இதே மாதிரி கிட்டத்தில் இன்னொன்று எடுத்துவிடலாம் என்று டைரக்டர் குதித்தார்.

நான் மட்டும் கைதட்டவில்லை. இவ்வளவு நன்றாக அவனால் நடிக்கவே முடியாது.

உப்பை மிதித்துக்கொண்டு நேராக ஓடினேன். பின்னால் இருந்து திட்டினார்கள். நெற்றியைத் தொட்டால் இஸ்திரிப்பெட்டி. துளி ஈரமில்லை. டேய், நான் யாருன்னு தெரியுதா என்று கேட்டேன். என்னை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"கடைசி பஸ் போயிடுச்சா?"

இடுப்புப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டைக் கழுத்திலிருந்து கிழித்தேன். ஐயோ, அது ஒரே கோட்டு என்று காஸ்ட்யூமர் அலறினார். பாதி வெட்டுவதற்குள் தம்பி என் மேலேயே சரிந்தான். அவனை இழுத்துக்கொண்டு போய்க் கேமராவின் குடைக்குக் கீழே கிடத்தி, கோட்டின் மீதியையும் வெட்டிக் கழற்றினேன். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியைத் தர யோசித்தார். அவரைத் தள்ளிவிட்டுப் பிடுங்கி, ஈரத் துண்டில் ஐஸை அள்ளிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தேன். குடங்குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தெர்மோகோல் பலகையைக் கொடுத்து விசிறச் சொன்னேன். யாரோ அவன் வாயில் சோடாவைப் புகட்ட வந்தார்கள். நினைவில்லாதவனுக்குப் புகட்டினால் புரையேறிச் செத்துப்போவான் என்று கத்தினேன். கதாநாயகர் மறுபேச்சுப் பேசாமல் வேனிலிருந்து இறங்கிக்கொண்டார். அதிலேயே ஏசியைப் போட்டு, ஐஸோடு அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வெயில் தாக்கினால் வியர்வை நின்று நடுக்கம் வரும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். கூடவே, இந்த வெயிலில் கம்பளிக் கோட்டு போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கண் விழித்தான். என்னைத் தெரிந்தது. கோட்டை ஏன் வெட்டினாய் என்பதுதான் முதல் கேள்வி. அதன் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அதுவரை அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் பொங்கியது.

"கைதட்டினாங்கன்னு நெஞ்ச நிமித்தாத. அது நடிப்பில்லடா. நீ செத்துக்கிட்டு இருந்த."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"தெரியும்க்கா. நடுக்கம் ஆரம்பிச்சப்பவே உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சுது. சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா நல்லா வருதே, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

வெயிலைத் திட்டலாம், டைரக்டரைத் திட்டலாம். இவனை என்ன செய்வது? அறையலாம் என்று கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவன் பயந்துபோய், அழாதக்கா, இனிமே அப்படிச் செய்ய மாட்டேன் என்றான். கண்ணாடி முன் நடித்துப் பார்த்த அதே வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னான்.