குப்பை மந்திரியின் பேத்தி

அந்தத் தெருவில் தையல்காரருக்குக் குப்பை மந்திரி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை தோறும் எல்லா வீட்டுக் குப்பைப் பையையும் தெருமுனைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பது அவருடைய ஏற்பாடு. காய்கறித் தோலெல்லாம் பொதுக் குழியில் உரமாகிவிடும். மிச்சம் எந்த வீட்டில் அதிகமோ, அந்த வீட்டுக் கேட்டில் ஒரு வாரம் சிவப்பு ரிப்பன். ரிப்பன் அவர் கடையுடையது. கட்டும்போது மண்ணைக் காப்பதைப் பற்றி ஓர் உரையும் உண்டு, அது இலவசம். பேக்கரிக்காரர் இரண்டு முறை அந்த உரையைக் கேட்டபின் பிளாஸ்டிக் உறை வாங்குவதையே விட்டுவிட்டார். மந்திரி வீட்டுக் கேட்டில் மட்டும் ரிப்பன் ஏறியதேயில்லை. ஏறவிடுவாரா அவர்!

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. பெற்றவர்கள் வீட்டில் சில மாதம் இருந்து, ராத்திரி கொஞ்சமாவது தூங்கலாம் என்று வந்தவள். பேத்தியைப் பார்த்து உருகிய மந்திரி, அவள் பின்னாலேயே இறங்கிய டயப்பர் கட்டுகளைப் பார்த்து அரண்டுபோனார்.

"இதெல்லாம் நூறு வருஷமானாலும் மக்காதும்மா."

"அதுக்கு உங்க பேத்திய நூறு வருஷம் அடக்கிக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

அன்றைக்கே அவர் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். பழைய பருத்திச் சட்டைகளை வெட்டி, உள்ளே மூன்று மடிப்பு, இடுப்புக்கு நாடா, ஓரத்தில் பிசிறில்லாத தையல் என்று ஒரு கூடை நிறையத் துணி டயப்பர் தைத்துத் தள்ளினார். தெருவே வந்து மெச்சியது. பேக்கரிக்காரர் மனைவி ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இது குழந்தைக்கா கல்யாணப் பொண்ணுக்கா என்று கேட்டாள். மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, தையல் மெஷின் என்று வீடெங்கும் ஈரத்துணி தொங்கியது. எதுவும் காயவில்லை. புதன்கிழமை மதியம் பார்த்தால், வீட்டுக் குப்பைப் பை உப்பிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. மகள் கொண்டுவந்திருந்த கடை டயப்பர் கட்டைப் பிரித்திருந்தாள்.

மந்திரி பையைத் தூக்கிக் கனம் பார்த்தார். ரிப்பன் தன் கேட்டிலேயே ஏறினால், ஊருக்குத்தான் உபதேசம் என்று நாளைக்கு நாய்கூடச் சிரிக்குமே! தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, பையைக் குடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நழுவினார்.

பக்கத்துத் தெருவிலும் அவரைப் பார்த்து ஒரு தராசு முளைத்திருந்தது. அதற்குத் தலைவர் சைக்கிள் கடைக்காரர். அந்த மனிதர் இடுக்குச் சந்தில், குடைக்குக் கீழே ஒரு பையோடு எதிரே வந்தார்.

இருவருக்கும் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. கத்தவும் முடியாது.

"சும்மா நடக்கலாம்னு வந்தேன்ணே," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நானும் அதுக்குத்தான்."

"மழையில நடந்தா உடம்புக்கு நல்லதாம்."

"அப்படித்தான் சொல்றாங்க."

இருவரும் அடுத்தவர் பையைப் பார்க்காததுபோல் குடையைச் சரித்துக்கொண்டார்கள். கடைசியில் சைக்கிள் கடைக்காரருக்குத்தான் மூளை வேலை செய்தது. "அண்ணே, நம்ம குப்பைய நாமே அடுத்தவன் தெருவுல போட்டா அது திருட்டு. ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டா அது ஒத்தாசை."

பதற்றத்தில் இருந்த மந்திரிக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. யாரோ கதவு திறக்கும் சத்தம் கேட்க, சட்டென்று பைகளை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள்.

வீட்டு வாசலில்தான் கை வலிப்பது உறைத்தது. பை நிறைய பழைய டியூப், கிழிந்த டயர், துருப்பிடித்த பெடல். பழைய பையைப்போல் இரண்டு மடங்கு கனம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

நடந்ததைக் கேட்டு மனைவி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. மகள் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை பஸ்ல நான் கிளம்பறேன்ப்பா," என்றாள். "என் குழந்தை போற மூத்திரத்துக்கு நீங்க சந்து சந்தா ஒளிய வேணாம்."

"ஐயோ, அதுக்கில்லம்மா. அத்தனை துணி தச்சுக் கொடுத்தேனே."

"தச்சீங்க. யார் தொவைக்கிறா?"

குழந்தையை வாங்கும் சாக்கில் அவள் கையைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சோப்பில் வெந்து சிவந்திருந்தது. தூங்கவென்று வந்த பெண், தன் மந்திரி பதவிக்காக இத்தனை நாளும் தொட்டியடியிலேயே நின்றிருக்கிறாள். இருந்து இருந்து வீட்டுக்கு வந்தவளைத் தானே துரத்திவிட்டோமே!

அன்று சாயங்காலமே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். முதல் துணியைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சுவிடாமல் துவைத்தார். "பாதி அழுக்கு அப்படியே இருக்கு," என்று மனைவி மறுபடி தொட்டியில் போட்டாள். அவர் மறுபடி துவைத்தார். ராத்திரி குழந்தை அழுதபோதும் அவர்தான் எழுந்தார். மறுநாளும் அப்படியே. காயாத நேரத்துக்குக் கடை டயப்பரையே கட்டச் சொன்னதும் அவர்தான்.

சனிக்கிழமை காலை மகள் பெட்டியைத் திறந்தாள், கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தாள். "ஈரத்தோட எப்படி எடுத்து வைக்கிறது? காயட்டும்ப்பா, பார்க்கலாம்," என்று சொல்லிப் படுத்தவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள். வெளியே மழை விட்டபாடில்லை. அது விடவே கூடாது என்று மந்திரி வேண்டிக்கொண்டார்.

தெருமுனையில் நிறுக்கும் நேரம் வந்தது. மந்திரியைக் காணோம். பேக்கரிக்காரர் தேடிக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப்பார்த்தார். மார்பில் பேத்தியைப் போட்டுக்கொண்டு, அசையாமல் சாய்ந்திருந்தார் மந்திரி. உள்ளறையில் மகளின் குறட்டை லேசாகக் கேட்டது.

"நிறுக்க வரலையா? உங்க பை எங்க?"

மந்திரி தாடையால் மூலையைக் காட்டினார். அங்கே டயரும் டயப்பருமாக மலைபோல் குவிந்திருந்தது.

"யம்மாடி," என்று குரலை உயர்த்தினார் பேக்கரிக்காரர். "இது எத்தனை கிலோ இருக்கும்?"

"மெதுவாப் பேசுய்யா, ரெண்டு பேரும் தூங்கறாங்க," என்று கிசுகிசுத்தார் மந்திரி. "நீ எத்தனை கிலோ வேணும்னாலும் எழுதிக்கோ, ரிப்பன் மெஷின் மேல இருக்கு."