பத்திரிகையில் போட்ட பெயர்

வெடிக்குத் திரி வைக்கிற கை அது. இன்று சாத்தூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூக்கம்மாள் நின்றாள்.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, நிலக்காரர் பெத்தணனின் மானாவாரிக் காட்டோரம் பதினாலு வருடமாகக் குடியிருக்கிறாள். வெடி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்து நின்றவளைக் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். குடிசையை அவள் ஓட்டு வீடாக்கினாள். இப்போது ஒரு பட்டாசுக் கம்பெனி அந்த நிலத்தை நல்ல விலைக்குக் கேட்கவும், ஒரு மாதத்தில் காலி பண்ணு என்கிறார்; வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. அவர் நிலம், அவர் விற்கிறார் என்பார்கள். கல் கல்லாய்ச் சேர்த்துக் கட்டியவள் எங்கே போவாள் என்று மட்டும் எவனும் கேட்க மாட்டான்.

அவளுடைய வக்கீல் இசைவாணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “அவுக சம்மதத்தோட இருந்தீகன்னா என்னைக்கும் இடம் அவுகளுக்குத்தான். யாரையும் கேக்காம, எங்க இடமுன்னு பன்னெண்டு வருசத்துக்கு மேல இருந்தோம்னு சொல்லுங்கக்கா. அப்பத்தான் வீடு தங்கும்.”

மூக்கம்மாளும் கூண்டில் அப்படியே சொன்னாள். சொல்லும்போது பெத்தணன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் அழைப்பிதழை நீட்டினார். அவள் மகள் பிரீத்திகாவின் காதணி விழாவுக்குச் சிவகாசியில் அடித்தது. விசேஷ வீட்டுப் பத்திரிகையில் பெரிய மனிதர் பெயரைப் போடாமல் அந்தப் பக்கம் யார் விடுவார்கள்? சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது: ‘எங்களுக்குக் குடியிருக்க இடம் தந்த பெத்தணன் அவர்கள் முன்னிலையில்.’

இசைவாணி பதறி எழுந்தாள். “ஐயா, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அச்சாபீஸ்ல போட்டிருப்பாங்க.”

நீதிபதி மூக்கம்மாளைப் பார்த்தார். “இதைப் போடச் சொன்னது யாரும்மா?”

அச்சாபீஸ்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு தப்பிவிடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முதல்முறையாகப் பெத்தணனைப் பார்த்தாள். “சாமிக்கு அடுத்து என் பேரைப் போட்டுட்டியேம்மா” என்று அன்று கண்கலங்கிய மனிதர், இன்று தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“நாந்தான்யா. கொட்டை எழுத்துல போடச் சொன்னதும் நாந்தான். கேக்காம இருந்தேன்னு சொன்னது பொய்யி.”

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபடி உட்காரப் போனார். மூக்கம்மாள் இறங்கவில்லை.

“இருங்கய்யா, இன்னும் முடிக்கல. புருசன் செத்தன்னைக்கி இங்கன இருன்னு சொன்னதும் அவுகதான். இன்னைக்கி வெளிய போன்னு சொல்றதும் அவுகதான். ரெண்டையும் எழுதிக்கோங்க.”