நாற்பத்திரண்டு நாள் ஊசி

ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் அடியோடு விட்டது. அன்றைக்கே கிண்ணியாவிலிருந்து வந்து நின்றான் பிள்ளையின் தகப்பன் ஸைனுலாப்தீன், தன் தாய் ஆமினா உம்மாவையும் கூட்டிக்கொண்டு. வைத்தியம் போதுமென்று துண்டு வெட்டிப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறானாம்!

பெற்றவள் ரபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நபீஸா ஒன்பது மாதப் பிள்ளை. பிறக்கும்போதே இதயத்தில் சின்ன ஓட்டை. அந்த இடத்தில் கிருமி ஏறிக் குடியிருந்துவிட்டது. காய்ச்சல் விட்டாலும் கிருமி விடாது, நாற்பத்திரண்டு நாளும் பென்சிலின் ஊசி தவறக்கூடாது என்று டாக்டர் கனகசுந்தரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தச் சின்னத் துடையில் ஊசி ஏறாத இடமில்லை. குத்தும்போது பிள்ளை பூனைக்குட்டி மாதிரி முனகும். வாய்விட்டு அழவும் தெம்பில்லை.

“வெள்ளிக்கிழமை காதுகுத்துக் கலியாணம். ஊரெல்லாம் சொல்லியாச்சி, பலகாரமும் சுட்டாச்சி,” என்றாள் ஆமினா உம்மா. “காய்ச்சல்தான் விட்டிட்டே, இன்னும் என்னத்துக்குப் புள்ளயக் குத்துறாங்க?”

“அங்க வந்தாலும் குத்தத்தானே போறீங்க மாமி? இந்த ஊசியிலதான் உயிர் வருது. பலகாரத்த நீங்களே தின்னுங்க!”

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

தகப்பன் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை விட்டுவிடுவார்கள். தாள் ஸைனுலாப்தீனின் கையில் இருந்தது. “இப்ப வராட்டி வீட்டுப் பக்கம் கால் வைக்கப்படா, சொல்லிப்போட்டன்!”

ரபீக்கா சிரித்தே விட்டாள். “யார்ர வீடு மச்சான்? என்ட வாப்பா எனக்குச் சீதனமாக் கட்டித் தந்த வீடு. கையெழுத்துப் போட்டா, உங்கட உம்மாட வீட்டுக்கே போங்க.”

அவன் கையெழுத்துப் போடாமலே தாளை மேசையில் வைத்துவிட்டு நடந்தான்.

அதற்குப் பிறகு முப்பது நாளும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளைக்குப் பதிலாக அவளே அழுதாள். ஆனால் ஒன்றையும் தவறவிடவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் கிருமி போய்விட்டது என்று துண்டு வெட்டினார்கள். கிண்ணியாத் துறையில் படகை விட்டு இறங்கினால், புருஷனும் மாமியும் நிற்கிறார்கள். ஆமினா உம்மாவின் கையில் தங்கத் தோடு.

“இனியாவது குத்துவமா?”

“டாக்டரக் கேக்காம இந்தக் காதில முள்ளும் படாது மாமி.”

கிழவி கேட்காமல் காதைப் பிடித்தாள். நபீஸா வீரிட்டு அழுதாள். துறையே அதிர்ந்தது.

“ஊரே பாக்குது, அமத்து புள்ளய!” என்று பதறினான் ஸைனுலாப்தீன்.

“அழட்டும்!” என்றாள் ரபீக்கா. “இந்தச் சத்தத்துக்குத்தான் நான் இத்தின நாளும் காவல் கிடந்தன்.”