லைன் போன வீடு

1987 ஜூன் மாதம் தொலைபேசி வந்த பிறகு, மஞ்சக்குட்டை காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பாலசுப்பிரமணியத்தின் வீட்டில் லைன் போகும்போதெல்லாம் மனிதர்களின் குரலும் போயிற்று. வாய் அசையும், தொண்டை நரம்பு புடைக்கும், சத்தம் வராது. பல்லி கத்துவது கேட்கும், ஓட்டில் மழை விழுவது கேட்கும். வாசற்படி தாண்டி முற்றத்தில் இறங்கினால் குரல் திரும்பிவிடும். முதல் மாதம் நான்கு தடவை போனது. ஆடிக் காற்றில் பதினோரு நாள் சேர்ந்தாற்போல் போனது. ரைட்டரும் மனைவி கிருஷ்ணம்மாளும் அதனால் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பேசப்பட்டது பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான்.

1982இல் அவர்களுடைய ஒரே மகள் சரஸ்வதி, காப்பி லாரி ஓட்டிய ஜேசுதாஸைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனாள். அன்றிலிருந்து ரைட்டர் அவள் பெயரைச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. எஸ்டேட்டிலிருந்து வந்து, கை கழுவிச் சாப்பிட்டு, ரேடியோவில் செய்தி கேட்டுப் படுத்தார். மகள் குரலைக் கேட்கத்தான் கிருஷ்ணம்மாள் தொலைபேசிக்கு மனுப் போட்டாள். எழுதித் தரச் சொன்னபோது எதற்கு என்று ரைட்டர் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்தார். சரஸ்வதி மாதம் ஒருமுறை கூப்பிட்டாள். பாதியில் லைன் போகும். கிருஷ்ணம்மாள் கொஞ்ச நேரம் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

லைன்மேன் லாசர் ஏர்க்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து கம்பத்தில் ஏறினார், வயரில் உரசிய சில்வர் ஓக் கிளையை வெட்டினார், வயரை மாற்றினார், கடைசியில் போனையே மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருக்கும். ஒருமுறை கூடத்தில் நின்று அவர் போட்ட "ஹலோ" அவருக்கே கேட்கவில்லை. முற்றத்துக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"லைன் கோளாறுன்னா நான் பாத்துக்குவேனுங்க ரைட்டரய்யா. இது எங்கிட்ட வர்ற கம்ப்ளெய்ன்ட் இல்லீங்க."

1989 ஜனவரியில் ஒரு காலை, கிருஷ்ணம்மாள் வெளியே காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஒன்பது முறை அடிக்கும் வரை ரைட்டர் அதையே பார்த்திருந்துவிட்டு எடுத்தார். "அம்மா" என்றாள் சரஸ்வதி. மூச்சுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, "அப்பாவுங்களா?" என்றாள். ரைட்டர் "கண்ணு" என்றார். சொல் வாயில் உருவானது, வெளியே வரவில்லை. லைன் போயிருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஏழு வருஷத்தில் பேச வேண்டியதையெல்லாம் ரிசீவருக்குள் பேசினார். கிருஷ்ணம்மாள் கூடையோடு உள்ளே வந்தபோது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. பேசி முடித்து ரிசீவரை மேசைமேல் மல்லாத்தினார். அதை எடுத்து வைக்கப் போனவளின் கையைப் பிடித்துத் தடுத்தார். அது அப்படியே கிடந்தது, லைனும் திரும்பவில்லை.

நான்காம் நாள் விடியற்காலைப் பஸ்ஸில் சரஸ்வதி வந்து இறங்கினாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். முற்றத்திலேயே ஆரம்பித்தாள்.

"ஏனுங்கப்பா, எங் கொரலக் கேட்டதும் போன வெச்சுட்டீங்களே! நானென்ன செத்தா போயிட்டேன்? இந்த ஊட்ல எனக்கு..."

வாசற்படி தாண்டியதும் மிச்சம் கேட்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் வாயசைத்தாள். பிறகு நின்று தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள், தாயின் வாயும் சத்தமில்லாமல் அசைந்தது. மேசைமேல் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. ரைட்டர் எழுந்து வந்து அந்த ஒரு சொல்லை மறுபடி சொன்னார். சரஸ்வதி அவர் உதடுகளையே பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கிருஷ்ணம்மாள் கொள்ளு ரசம் ஊற்றினாள். மூவரும் சாப்பிட்டார்கள்.

மார்ச்சில் லாசர் புது கேபிளோடு வந்தார். ரைட்டர் அவரை முற்றத்திலேயே நிறுத்தினார்.

"இருக்கட்டும் லாசர். லைன் இருந்தா பேசறா. போயிருச்சுன்னா பஸ் ஏறி வந்தர்றா."

அதன்பின் ஜேசுதாஸும் வந்துபோனார். லைன் இல்லாத நாட்களில் பேச வேண்டியது ஏதாவது இருந்தால் எல்லோரும் முற்றத்தில் இறங்கிப் பேசினார்கள். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு.