மூன்று விரல்கள்

ஏவ்ரில் இருபதாவது ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது க்ளிஃப் சமையலறைக்குள் தலையை நீட்டினான்.

"கார் எத்தனை மணிக்கு வருது?"

"பதினொன்றரைக்கு."

"அதானே பார்த்தேன்," என்று போய்விட்டான்.

காலையிலிருந்து இது நான்காவது முறை. முதல் தடவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னவள், இப்போது ரொட்டியைப் பார்த்தே சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் புருஷன் டெரிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், குப்பை வண்டி என்றைக்கு வரும் என்று. கடைசியில் ஏவ்ரில் யார் என்றே கேட்டான். க்ளிஃப்புக்கு மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவனிடம் இதைச் சொல்ல வேறு ஆளில்லை. இன்றைக்கு எப்படியாவது அவள்தான் சொல்லிவிட வேண்டும்.

முன்னறையில், டெரிக்கின் அடக்கத்துக்குக் கிளப் டை கட்டி வந்த கிழவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரக்பி லீக்கில் ஆறு பேர் தோளைப் பின்னிக்கொண்டு எதிராளிகளின் ஆறு தலைகளோடு முட்டுவார்கள். ஹாலோகேட் கிளப்பில் டெரிக்கையும் சேர்த்து அந்த ஆறு பேரும் எழுபத்தைந்தாம் வருடம் பீர் மேசையில் ஒரு சத்தியம் செய்தார்கள்: முதலில் போகிறவனின் சவப்பெட்டியை மற்ற ஐந்து பேரும் தூக்குவது. பெட்டிக்கு ஆறு தோள் வேண்டுமே என்று அன்றைக்கு ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"ஆறாவதா மால்கம் தூக்கட்டும்," என்றான் பாரி.

"மால்கமா? பத்து வருஷம் மைதானத்து ஓரத்துல சும்மா நின்னவன்டா. அவன் சட்டையைத் துவைக்கவே வேணாம், மடிச்சு வச்சாப் போதும்," என்றான் இன்னொருத்தன்.

"நான் ஓடலைன்னா நீங்க எந்த மேட்ச்டா ஜெயிச்சிருப்பீங்க?" என்றான் மால்கம் வாசற்படியிலிருந்து.

"உனக்குப் பந்தை இழுத்துக் குடுத்தவன் யாரு? டெரிக்," என்றான் பாரி.

மால்கம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். "அதனாலதான்டா தூக்கறேங்கறேன்," என்றான்.

பாரி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.

தேவாலயத்தில் பெட்டியின் முன்பக்கம் பாரியும் க்ளிஃப்பும் நின்றார்கள். டெரிக் பத்து வருடமும் இந்த இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தொங்கிக்கொண்டு காலால் பந்தை இழுத்தவன். பெட்டி ஆடாமல் போனது. இறக்கி வைத்ததும் க்ளிஃப் தன் இருக்கையை விட்டுவிட்டுப் பாடகர்கள் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். பாரி சத்தமில்லாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். மற்றவர்கள் பாட்டுத் தாளைப் பார்த்தார்கள். ஏவ்ரில் மட்டும் க்ளிஃப்பைப் பார்த்தாள்.

சாப்பாடு பழைய கிளப் கட்டடத்தில். கிளப் இருந்தது பத்தே வருடம். எழுபத்து நான்கில் சுரங்கத்து ஆட்கள் பதினான்கு பேர் ஒரு விவசாயியின் சரிவு நிலத்தில் சாணத்தை அள்ளிப் போட்டுவிட்டு ஆரம்பித்தது, சுரங்கத்தோடு முடிந்தது. சுவரில் பத்துப் படங்கள். வருடத்துக்கு வருடம் டெரிக்கின் காது தடித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் வாளியும் பஞ்சுமாக ஏவ்ரில். டாக்டர், நர்ஸ் எல்லாம் அவள்தான். படிப்பு அந்த வாளியும் பஞ்சும்தான்.

எழுபத்தொன்பதில் கோப்பைப் போட்டியில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களோடு மோதினார்கள். நாற்பத்தொன்றுக்கு ஐந்து என்று தோற்றார்கள். டெரிக் இரண்டு தடவை நினைவு தப்பி விழுந்தான், இரண்டு தடவையும் அவள் தண்ணீர் தெளித்து எழுப்பி அனுப்பினாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயித்தவர்களைப் போலப் பாடினார்கள். டெரிக் மட்டும் ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தான். பஸ்ஸே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். இப்போது அந்தப் படத்தின் முன்னால் நிற்க அவளால் முடியவில்லை.

கட்டடத்தின் பின்பக்கம், மைதானத்தைப் பார்த்த பெஞ்சில் க்ளிஃப் தனியாக உட்கார்ந்திருந்தான். ஏவ்ரில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டெரிக்கோட மூளையைக் குடுத்துட்டேன் க்ளிஃப்."

"யாருக்கு?"

"ஆராய்ச்சி பண்றவங்களுக்கு. ஆட்டத்துல தலையில பட்ட அடியாலதான் இப்படி ஆச்சான்னு பார்க்கறாங்க."

க்ளிஃப் டையைத் தளர்த்தினான். "அதான் இவ்வளவு லேசா இருந்தானா," என்றான். "அவனுக்கு அதுல பெருசா எடை இருக்காதேன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவன் கைக்குட்டையைத் தேடினான், கிடைக்கவில்லை, டையின் நுனியை நீட்டினான்.

"அடிபட்டு விழுந்தவனை எழுப்பி எத்தனை விரல்னு கேப்பேன்ல, ஒவ்வொரு தடவையும் மூணுதான் காட்டுவேன்," என்றாள்.

"தெரியும். புதுசா வர்றவனுக்கு முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுப்போம். கண்ணு இருட்டினாலும் மூணுன்னு சொல்லுடான்னு."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

நாற்பது வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டெரிக்கிடம்கூட.

"நாலு காட்டினா உங்களை வெளிய உட்கார வைக்கணும். உட்கார வச்சா வேற ஆள் ஏது?"

க்ளிஃப் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவையாவது மாத்திக் காட்டியிருக்கலாம் ஏவ்ரில்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காலைல என்கிட்ட கார் எப்ப வரும்னு நாலு தடவை கேட்ட."

"நாலா?"

"நாலு."

அவன் முழங்காலில் இருந்த தன் கைகளைப் பார்த்தான். "ரெண்டுன்னு நெனச்சேன்."

பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் டெரிக்கைப் பார்த்த டாக்டர் பெயரையும் நம்பரையும் அவள் எழுதிக் கொடுத்தாள். க்ளிஃப் கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்து இரண்டு முறை படித்தான். நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான். மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு அதை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நீயே வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா எங்கயாவது போட்டுடுவேன்."

ஏவ்ரில் அதை வாங்கிக் கைப்பையில் போட்டு மூடினாள். நேற்றைய மழை நடுமைதானத்தில் தேங்கிக் கிடந்தது. உள்ளே யாரோ தேநீர் வேண்டுமா என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.