தகடு காட்டிய ஓரடி

பிள்ளைகளே, இது கண்டாவளைப் பக்கத்து நாவலடிக் குளத்தில், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, குளத்தை நம்பி விதைக்கும் சிறுபோகத்தில் நடந்தது.

குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் வாசித்துக் கொப்பியில் எழுதுகிறவர் வீரகத்தி. வயலுக்குத் தண்ணீர் விடும் துருசின் படியோரம் அடி குறித்த இரும்புத் தகடு நின்றது. தண்ணீர் துருசின் வாய்மட்டத்துக்கு இறங்கினால் தகடு பூச்சியம் காட்ட வேண்டும். சண்டையில் இடம்பெயர்ந்தபோது சனம் கதவு, நிலை எல்லாம் கழற்றிக்கொண்டு போனது. வீரகத்தி தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது குளம் நிறைந்து கிடந்தது, துருசின் வாய் தண்ணீருக்குள். முன்பு போலவே தகட்டின் தலையை மேலிருந்து மூன்றாம் படிக்கு நேரே வைத்து அறைந்தார்.

விதைப்புக் கூட்டத்தில் தகடு ஏழடி என்றார். ஏழடித் தண்ணீருக்கு நாற்பது ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவானது.

"அண்ணை, என்ரை கடைசி வாய்க்கால் காணிக்கும் வருமோ?" என்று கேட்டாள் வடிவம்மா, புருசனை இழந்தவள்.

"வரும் பிள்ளை. பயப்பிடாமல் விதை."

சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லை அவள் விதைத்தாள்.

பயிர் கதிரை வயிற்றில் வைத்துக் குடலைப் பருவத்தில் நின்ற ஒரு காலை, வடிவம்மா அவர் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"துருசு திறந்துதான் கிடக்கு. வாய்க்காலிலை சொட்டுத் தண்ணி இல்லை!"

"இப்பதான் வாசிச்சனான். ஓரடி நிக்குது."

"அப்ப அந்த ஓரடியை வந்து என்ரை வயலுக்குள்ளை வாசிச்சு விடுங்கோ!"

இருவரும் போனார்கள். தகடு ஓரடிதான் காட்டியது. துருசின் வாயோ தண்ணீருக்கு மேலே, காய்ந்த பாசியோடு திறந்து கிடந்தது. வீரகத்தி மேலிருந்து படிகளை எண்ணினார். மேல்படிக் கல் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

வடிவம்மா வாயைப் பொத்தினாள். "அண்ணை... நீங்கள் போனாப் பிறகு, ஷெல்லடிக்குப் பதுங்கிற பங்கர் வாசலுக்கெண்டு அந்தக் கல்லைக் கிளப்பினது நாங்கள்தான்."

ஒரு படி போனதால் அவர் மூன்றாவதென்று எண்ணியது பழைய நாலாம் படி; தகடு ஓரடி கீழே இறங்கி, இல்லாத ஓரடியைக் கூட்டிக் காட்டியிருந்தது.

"துருசின்ரை வாயிலையிருந்து அளந்தெல்லோ அறைஞ்சிருக்க வேணும்," என்றார் அவர். "நான் படியை எண்ணினன்."

அன்றே ஊரைக் கூட்டி எல்லார் முன்னிலும் கொப்பியைத் திறந்தார். நூற்றுப்பத்து நாள் கணக்கையும் வெட்டி, ஓரடி குறைத்து எழுதினார். துருசின் வாய்க்குக் கீழே தேங்கிய தண்ணீருக்கு ஊரார் கணக்குப் பார்த்தார்கள். வாளியால் அள்ளி ஊற்றினால் துருசடியில் ஐந்து ஏக்கர் தப்பும். கடைசி வாய்க்காலுக்கு எட்டாது.

"அந்த ஐந்திலை ரெண்டு என்ரை," என்றார் வீரகத்தி வடிவம்மாவிடம். "விளையிற நெல்லு உனக்கு."

வடிவம்மா வாளியை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கினாள்.